147573952589676412927: பகா எண்ணா, பகு எண்ணா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணை 2-ஆல் வகுத்தால் மீதி 0 என்கிறது நீங்கள் எழுதிய நிரல். இன்னொரு நிரல் பகா எண் சோதனை நடத்தி, 'இது பகா எண்ணாக இருக்கலாம்' என்கிறது. பழைய பட்டியல் ஒன்றில் பகா எண் என்றே போட்டிருப்பதாகவும் படித்திருக்கிறீர்கள். உங்கள் நண்பரோ இது பகு எண் என்கிறார். காரணியைக் காட்டு என்றால், 'காரணி எனக்குத் தெரியாது, ஆனால் பகு எண் என்பது நிச்சயம்' என்கிறார். நால்வரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது நண்பரின் பதில்தான் என்று நினைக்கிறேன்: எது வகுக்கும் என்று சொல்லத் தெரியாதவர், வகுபடும் என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறார்?

நண்பர் சொல்வதே சரி. இது பகு எண். காரணிகளும் இன்று தெரியும்: 193707721, 761838257287. இரண்டுமே பகா எண்கள். ஆனால் இந்த எண் பகு எண் என்று தெரிந்த ஆண்டு 1876, காரணிகள் தெரிந்த ஆண்டு 1903. நடுவே 27 ஆண்டுகள், கணித உலகம் முழுவதும் உங்கள் நண்பர் இருக்கும் அதே நிலையில் இருந்தது. எண் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்கள் ஏற்கத் தயங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மீதி 0'. கடைசி இலக்கம் 7. ஒற்றைப்படை எண் என்பதில் பேச்சே இல்லை. பிறகு நிரல் ஏன் அப்படிச் சொன்னது? பல நிரல் மொழிகளில் சாதாரண எண் வகைக்கு 53 இரும இலக்கத் துல்லியம்தான் உண்டு. 9007199254740992, அதாவது 2^53 வரை எல்லா முழு எண்களையும் அது சரியாக வைத்திருக்கும். அதைத் தாண்டினால் இடையிடையே எண்கள் விட்டுப்போகும். உங்கள் எண் இருக்கும் உயரத்தில் அந்த இடைவெளி பதினாறாயிரத்துக்கும் மேல். உங்கள் எண்ணோ 2^67-ஐ விடச் சரியாக ஒன்று குறைவு. அந்த ஒன்றை வைக்க இடமில்லாததால் நிரல் அதை 2^67 என்றே எடுத்துக்கொண்டது. 2^67-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி 0 வராமல் என்ன வரும்? 4-ஆலும் 8-ஆலும் வகுத்துப் பார்த்திருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். நீளமான முழு எண்களுக்கென்றே உள்ள எண் வகையைப் பயன்படுத்துங்கள், இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

2^67 − 1 என்ற இந்த வடிவம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். இரும முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், ஒரு சுழி கூடக் கிடையாது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் 67 எண்களின் கூட்டுத்தொகையும் இதுவே. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் தானியத்தை இரட்டித்து வைக்கும் கணக்கு நினைவிருக்கும். பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்தால் மொத்தம் இந்த எண் வரும். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி.

சிறிய எண்களால் வகுபடுமா என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 109, அதனால் 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1001-ஆல் வகுக்கும்போது வரும் மீதி கிடைத்துவிடும். செய்து பாருங்கள்: 927 − 412 + 676 − 589 + 952 − 573 + 147 = 1128. அதிலிருந்து 1001 போனால் 127. இந்த 127 என்பது 7-ஆலும் 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. எனவே நம் எண்ணும் வகுபடாது. இன்னொன்றையும் கவனியுங்கள், 127 என்பது 2^7 − 1. இது தற்செயல் இல்லை. 2-இன் அடுக்குகளை 1001-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால் 60 படிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். 67-இல் 60 போனால் 7. முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இப்படியே எவ்வளவு தூரம் போக முடியும்? ஓர் எண்ணைப் பகா எண் என்று வகுத்தே காட்ட வேண்டுமானால் அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களையும் முயல வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1215 கோடி. ஆயிரம் கோடிக்குள் மட்டுமே 45,50,52,511 பகா எண்கள் இருக்கின்றன. கையால் நடக்கிற காரியமா?

இங்கேதான் வடிவம் கைகொடுக்கிறது. 2^67 − 1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண் 134-இன் ஏதோ ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க வேண்டும். காரணம் இதுதான். அந்தப் பகா எண்ணால் 2^67-ஐ வகுத்தால் மீதி 1. 67 பகா எண் என்பதால், 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது 67-ஆவது அடுக்கில்தான். அதற்கு முன் வர வழியில்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, வகுக்கும் பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்கிலும் மீதி 1 வர வேண்டும். ஆக அந்த ஒன்று குறைத்த எண் 67-இன் மடங்கு. அது இரட்டைப்படையும் கூட, அதனால் 134-இன் மடங்கு. இதோடு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் என்ற இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் சோதிக்க வேண்டியவை பெருமளவு குறைந்துவிடும். 193707721-ஐ எட்டும் வரை சோதிக்க வேண்டியவை ஏறத்தாழ ஏழே கால் லட்சம் மட்டுமே. 1445580-ஐ 134-ஆல் பெருக்கி 1 கூட்டிப் பாருங்கள், அந்தக் காரணி வந்து நிற்கும். ஏழே கால் லட்சம் என்பது கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம். கையால் கணக்குப் போடும் மனிதருக்கு அதுவும் மலைதான்.

இதன் சின்னத் தம்பி ஒருவன் உண்டு: 2^11 − 1, அதாவது 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கியது. இரண்டும் 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை என்பதைக் கவனியுங்கள். கீழே எது புரியாவிட்டாலும் 2047-ஐ வைத்துச் செய்து பாருங்கள். பெரியவன் செய்வதையெல்லாம் இவனும் செய்வான்.

இனி உங்கள் இரண்டாவது நிரல். அது நடத்தியது ஃபெர்மா சோதனை என்று நீங்கள் தந்த குறிப்பிலிருந்து தெரிகிறது: 2-ஐ 'எண் கழித்தல் 1' என்ற அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. மீதி 1 இல்லை என்றால் அது நிச்சயம் பகு எண். மீதி 1 என்றால் எதுவும் நிச்சயமில்லை. நம் எண்ணோ இந்தச் சோதனையில் தேறியே தீரும். 2^67-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1, ஏனென்றால் அது நம் எண்ணைவிட ஒன்றுதான் அதிகம். ஆகவே 67-இன் எந்த மடங்கை அடுக்காக எடுத்தாலும் மீதி 1 தான். நம் எண்ணில் ஒன்று குறைத்தால் 2^67 − 2. அது 67-இன் மடங்கு. அவ்வளவுதான், சோதனை முடிந்தது. இந்த வடிவத்து எண்ணை 2 கொண்டு சோதிப்பது, வினாத்தாளைத் தயாரித்தவரையே அந்தத் தேர்வை எழுதச் சொல்வது போல. மில்லர்–ராபின் என்ற இன்னும் கடுமையான சோதனையிலும் 2-ஐ மட்டும் அடியாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, வைத்தால் நம் எண் தப்பிவிடும். தம்பி 2047-உம் தப்புவான். அப்படித் தப்பும் பகு எண்களிலேயே மிகச் சிறியது அவன்தான். இந்த வடிவத்து எண்களுக்கு 3-ஐ அடியாக எடுப்பதே வழக்கம். உங்கள் நிரலில் அடியை மாற்றி ஓட்டுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1876-இல் இந்த எண் பகு எண் என்று அறிவித்தபோது அவரிடம் காரணி இல்லை. அவருடைய வழியைப் பின்னாளில் டி. எச். லேமர் எளிமையாக்கினார். அந்த எளிய வடிவத்தைச் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வர்க்கம், திரும்பவும் 2 கழித்தல். இரண்டின் அடுக்கு எதுவோ அதைவிட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்தபின் மீதி 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். இரு பக்கமும் நிச்சயம், 'இருக்கலாம்' என்ற பேச்சே கிடையாது.

2^5 − 1 = 31-ஐ எடுங்கள். மூன்று படிகள். 4-இலிருந்து 14. அடுத்தது 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்தது 62, மீதி 0. எனவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது படிகள்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 வரவில்லை. எனவே 2047 பகு எண். இந்த ஒன்பது எண்களில் 23 எங்கே, 89 எங்கே? எங்கும் இல்லை. 'பகா எண் என்றால் இங்கே 0 வந்தே ஆக வேண்டும்' என்பது தேற்றம், 0 வரவில்லை, ஆகவே பகா எண் இல்லை. அந்த வாதத்தில் காரணிக்கு வேலையே இல்லை. நம் 21 இலக்க எண்ணுக்கு 65 படிகள். சலிப்பான வேலைதான், ஆனால் முடிவுள்ள வேலை. உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான். ஓர் எண் உடையும் என்று அறிவது ஒன்று, எங்கே உடையும் என்று அறிவது வேறொன்று. முதலாவதற்கு விரைவான வழிகள் உண்டு. இரண்டாவதற்கு, பொதுவாக எல்லா எண்களுக்கும் ஒத்துவரும் விரைவான வழியை, நாம் இன்று பயன்படுத்தும் கணினிகளுக்காக யாரும் இதுவரை கண்டுபிடித்து வெளியிடவில்லை. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இணையப் பாதுகாப்பில் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான்.

நீங்கள் படித்த பழைய பட்டியல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்டது. 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்குப் பகா எண் கிடைக்கும் என்றார். அதில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. 67 என்பது 61-க்குப் பதிலாக வந்த அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது ஊகம் மட்டுமே. நான் வகுப்பில் ஊகம் என்று சொல்லித்தான் சொல்வேன். அவ்வளவு பெரிய எண்களை அந்தக் காலத்தில் அவர் முழுமையாகச் சோதித்திருக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

காரணிகளைக் கண்டவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் இதை முன்வைத்தார். ஏழே கால் லட்சத்தையும் அவர் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவில்லை. இருபடி எச்சங்களை, அதாவது வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளைக் கொண்டு, எந்தெந்த எண்கள் காரணியாக இருக்கவே முடியாது என்று கூட்டம் கூட்டமாக ஒதுக்கினார். இவ்வளவும் உறுதி. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2^67 − 1-ஐக் கணக்கிட்டு, மறுபக்கம் இரு காரணிகளையும் பெருக்கி, இரண்டும் ஒன்றாக வந்ததும் பேசாமலே போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்ற கதை மிகவும் பிரபலம். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு 'மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். இந்தக் கதை கணித எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியதன் வழியாகப் பரவியது. பெல் கதையை மெருகேற்றிச் சொல்பவர் என்ற பெயர் உள்ளவர். எனவே கோலின் உழைப்பை முழுதாக நம்புங்கள், அந்த மௌனத்தைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று இந்த எண்ணை உடைப்பது எளிது. அதற்கு இந்த எண்ணின் ஒரு பலவீனமும் காரணம். முதல் காரணியில் ஒன்று குறைத்தால் 193707720. அது 8, 27, 5, 67, 2677 ஆகியவற்றின் பெருக்கம். 2677-க்கு மேல் அதில் ஒரு பகா எண் கூட இல்லை. இப்படி 'ஒன்று குறைத்தால் சிறு துண்டுகளாகச் சிதறும்' காரணிகளைப் பிடிப்பதற்கென்றே ஜான் பொல்லார்ட் 1974-இல் ஒரு முறையை வெளியிட்டார். அந்த முறையின் முன்னால் இந்தக் காரணி ஒரு நொடி கூடத் தாக்குப்பிடிக்காது. ஆனால் எல்லா எண்ணும் இப்படி வாய்க்காது. 2^1277 − 1-ஐப் பாருங்கள். 385 இலக்கங்கள். லூக்காவின் சோதனைப்படி அது பகு எண், சந்தேகமே இல்லை. நான் அறிந்தவரை, அதன் ஒரே ஒரு காரணி கூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 1876-க்கும் 1903-க்கும் இடையில் நம் எண் இருந்த இடத்தில் இன்று அது இருக்கிறது.

காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்றப் பண்புகள் வரிசையாக வந்து விழும். மொத்த வகுத்திகள் நான்கு: 1, இரு காரணிகள், எண் தானே. அதனோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் 147573951827644447920. இது பகா எண்ணாக இருந்திருந்தால், யூக்ளிடின் வழிப்படி இதை 2^66-ஆல் பெருக்கினால் ஒரு செவ்விய எண் கிடைத்திருக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாக இருக்கும் எண். பகு எண் ஆகிவிட்டதால், 2^66-ஆல் பெருக்கி வரும் எண்ணை அதன் அந்தக் கூட்டுத்தொகை தாண்டிவிடுகிறது.

தெரியாதவையும் உண்டு. இந்த வடிவத்துப் பகா எண்கள் முடிவின்றி வருமா? நிரூபணம் இல்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 என்பது கண்டறியப்பட்ட 52-ஆவது. அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். சரி, அடுக்கு பகா எண்ணாக இருந்தும் நம் எண்ணைப் போலப் பகு எண்ணாகிப் போவனவாவது முடிவற்றவையா? எல்லோரும் ஆம் என்றே நம்புகிறோம், ஆனால் அதற்கும் நிரூபணம் இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

கடைசியாக, நான் கொடுத்த காரணிகளை என் சொல்லை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன மும்மூன்று இலக்க வழியிலேயே ஒரு முன்சோதனை செய்யுங்கள். முதல் காரணிக்கு 721 − 707 + 193 = 207. இரண்டாவதற்கு 287 − 257 + 838 − 761 = 107. இரண்டையும் பெருக்கினால் 22149. அதிலிருந்து 1001-இன் 22 மடங்கான 22022-ஐக் கழித்தால் 127, முழு எண்ணுக்கு வந்த அதே 127. இது பொருந்தியதாலேயே பெருக்கல் சரி என்று ஆகிவிடாது. பொருந்தாவிட்டால் தவறு என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். முழு உறுதிக்கு, ஒரு தாளை எடுத்து 12 இலக்க எண்ணை 9 இலக்க எண்ணால் பெருக்குங்கள். நடுவில் ஒரு சுழி இருப்பதால் எட்டு வரிகள்தான், அரை மணி நேரம் ஆகலாம். ஏதாவது ஒரு வரியில் சிக்கினால் அந்த வரியை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.